முதிய, நலிவுற்ற மீட்பு விலங்குகளுக்கு மாத ஸ்பான்சர்: முறையாக நடத்துவது எப்படி?

தாழ்வாரம்:

அனைவருக்கும் வணக்கம். பள்ளிக்கரணையில் எங்கள் வீட்டுத் தரைத்தளத்தை, இனி யாரும் தத்தெடுக்க வரமாட்டார்கள் என்று தெரிந்துவிட்ட மீட்பு விலங்குகளுக்காக ஒதுக்கியிருக்கிறோம். வண்டி ஏறி இடுப்புக்குக் கீழ் செயலிழந்த கருப்பி, நரம்புகளையும் தாக்கும் டிஸ்டம்பர் என்ற வைரஸ் நோயிலிருந்து பிழைத்தும் தாடை நடுக்கம் நிற்காத மணி, ஆண்டுக்கணக்கில் குட்டி போடவைத்து, ஓய்ந்ததும் புறவழிச்சாலையில் இறக்கிவிடப்பட்ட லாப்ரடார் ஜூலி, சிறுநீரகம் பழுதான கிழப்பூனை வெள்ளையன் ஆகியவற்றை இங்கே பலர் படங்களில் பார்த்திருப்பீர்கள். இவை யாவும் ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளவை. எங்களுடையது ஃபாஸ்டர் வீடு, அதாவது தத்தெடுக்காமல் விலங்கை வீட்டில் வைத்துப் பராமரித்துக் கொடுக்கும் வீடு. பொதுவாக ஃபாஸ்டர் என்றால் சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்கள். இங்கே வருபவை ஆயுள் முடியும்வரை இருக்கின்றன.

இதுவரை செலவு நடந்த விதம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஏதாவது ஒன்றுக்கு நெருக்கடி வரும், படத்துடன் வேண்டுகோள் போடுவோம், இரண்டு நாளில் பணம் சேரும், சிகிச்சை நடக்கும், பிறகு அடுத்த நெருக்கடி வரும்வரை யாரும் எங்களை நினைப்பதில்லை. காலொடிந்த குட்டிக்கு இந்த முறை பொருந்தும், ஏனென்றால் அதன் செலவுக்கு ஒரு முடிவு உண்டு. கிழட்டு விலங்கின் செலவு அப்படிப்பட்டதன்று. ஈரம் உறிஞ்சும் அண்டர்பேட் விரிப்பு, டயப்பர், மூட்டுவலி மருந்து, சலைன் பாட்டில், தனிச் சமையல், துவைத்துத் தீராத துணி என்று நாள்தோறும் சிறுகச் சிறுகப் போய்க்கொண்டே இருக்கிறது. "இன்று விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை, ஆனாலும் பணம் வேண்டும்" என்று ஒரு வேண்டுகோளை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

ஆகவே மாத ஸ்பான்சர் முறைக்கு, அதாவது ஒருவர் மாதந்தோறும் ஒரு தொகை தந்துவரும் முறைக்கு, மாறலாம் என்று நினைக்கிறோம். ஒவ்வொரு விலங்கின் பெயரிலும் தனித்தனியாகப் பணம் பெறுவதா, பொதுவாகப் பெறுவதா? ஸ்பான்சர் பெற்ற விலங்கு இறந்துவிட்டால் அதற்குப் பணம் தந்துவந்தவருக்கு என்ன சொல்வது, அவர் பணத்தை என்ன செய்வது? பணம் என் சொந்தக் கணக்கிற்கு வரலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மாதச்சந்தா:

அம்மா, கொடுப்பவர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கண் தெரியாத ஒரு முதிய நாயை முன்பு வேறோர் ஊர்க் காப்பகத்தில் மாத ஸ்பான்சர் செய்துவந்தேன். காப்பகத்தின் பெயரைச் சொல்வது இங்கே தேவையில்லை. தொடக்கத்தில் மாதந்தோறும் படம் வந்தது. பிறகு வந்த படங்களில் கழுத்துப்பட்டையும் பின்னணியும் மாறாமலே இருப்பதைக் கவனித்துக் கேட்டபோது, நாய் இறந்து பல மாதங்கள் ஆகிவிட்டன என்றும், "நீங்கள் வருந்துவீர்கள் என்பதால் சொல்லவில்லை" என்றும் பதில் வந்தது. அந்தப் பணம் வேறு நாய்களின் வயிற்றுக்குத்தான் போயிருக்கும் என்பதை நான் நம்புகிறேன். கேட்டிருந்தால் மனமுவந்து அதற்கே கொடுத்திருப்பேன். கேட்காமல் எடுத்துக்கொண்டதுதான் உறுத்துகிறது.

ஆகவே என் தரப்பிலிருந்து ஒரு வேண்டுகோள். இறந்த செய்தியை ஒரு வாரத்திற்குள் சொல்லிவிடுங்கள். கிழட்டு விலங்கை ஸ்பான்சர் செய்பவருக்கு அது இறக்கும் என்பது தெரியாதா என்ன? தெரிந்துதான் வருகிறோம்.

பெயரா பொதுவா என்ற கேள்விக்கு என் பதில், பெயர்தான். "பொது நிதி" என்று கேட்டிருந்தால் நான் ஒரு முறை 500 ரூபாய் அனுப்பிவிட்டு மறந்திருப்பேன். ஒரு முகமும் ஒரு பெயரும் இருந்ததால்தான் மாதாமாதம் நினைவு வந்தது.

நேர்க்கோடு:

மாற்றுக் கருத்தொன்றைப் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். சென்னை மாநகராட்சி 2024இல் எடுத்த கணக்கெடுப்பில் தெருநாய்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 1.8 லட்சம் என்றும், அவற்றில் கருத்தடை செய்யப்பட்டவை சுமார் 27 விழுக்காடு என்றும் வெளிவந்தது. வெறிநோயைக் கட்டுப்படுத்த நாய்களில் 70 விழுக்காட்டிற்காவது தடுப்பூசி போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இடுப்பு செயலிழந்த ஒரு நாய்க்கு ஓராண்டில் ஆகும் செலவில் எத்தனை பெண்நாய்களுக்குக் கருத்தடை செய்யலாம், எத்தனை குட்டிகள் தெருவில் பிறந்து வண்டிச் சக்கரத்தில் மாட்டாமல் தடுக்கலாம் என்று கணக்குப் பார்ப்பது இரக்கமின்மையாகாது. கையில் இருப்பது குறைவு, தேவை மிகுதி என்றால் எது முதலில் என்ற கேள்வி வந்தே தீரும். தாழ்வாரம் அம்மாவின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இணையத்தில் உருக்கமான ஒரு முகம் இழுக்கும் பணத்தை, முகமற்ற ஒரு கருத்தடை முகாம் ஒருபோதும் இழுப்பதில்லை என்பதையும் யாராவது சொல்லத்தான் வேண்டும்.

தாழ்வாரம்:

நேர்க்கோடு ஐயாவின் கேள்வி நியாயமானது, அதைத் தவிர்க்க விரும்பவில்லை. கருத்தடை முதலில் என்பதில் எனக்கும் ஐயமில்லை. எங்கள் தெருவிலிருந்து நாய்களை முகாமுக்கு ஏற்றி அனுப்புவதும் நாங்கள்தான். ஆனால் நீங்கள் சொல்லும் கணக்கு, இரண்டு செலவும் ஒரே பையிலிருந்து போகிறது என்று வைத்துக்கொள்கிறது. நடைமுறையில் ஜூலிக்கு மாதம் 300 ரூபாய் தர முன்வரும் ஓர் ஆசிரியர், ஜூலி இல்லாவிட்டால் அந்தத் தொகையை முகாமுக்கு அனுப்பப் போவதில்லை. மேலும், கருத்தடை செய்து அதே தெருவில் திருப்பி விடுவதற்கு நடக்க முடிந்த நாய் வேண்டும். இடுப்பு செயலிழந்ததை எங்கே திருப்பி விடுவது? அது ஒரு காப்பகக் கூண்டில் கிடந்தால், அந்த இடத்தில் இன்னொரு அடிபட்ட நாயைச் சேர்க்க முடியாது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலுள்ள நாய்களை அகற்றிக் காப்பகங்களில் வைக்க வேண்டும், பிடித்த இடத்தில் திரும்ப விடக்கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பிறகு, காப்பகங்களின் இடநெருக்கடி கூடத்தான் செய்யும். நீண்டகால ஃபாஸ்டர் வீடு என்பது காப்பகத்தில் ஓர் இடத்தைக் காலி செய்து கொடுக்கும் ஏற்பாடும் ஆகும்.

முகத்தைக் காட்டிப் பணம் திரட்டுவது பற்றி நீங்கள் சொன்னது எனக்கும் உறுத்துகிறது. கருப்பியின் புண்ணைக் காட்டினால் வரும் பணத்தில் பாதிகூட, அந்தப் புண் வராமல் ஆண்டு முழுவதும் பார்த்துக்கொண்டதற்கு வருவதில்லை.

கால்நடை_வைத்தியர்:

தனியார் மருத்துவமனையில் பணிபுரியும் கால்நடை மருத்துவன் நான். இதுபோன்ற வீடுகளிலிருந்து வரும் விலங்குகளைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். செலவைப் பற்றிய பேச்சு எப்போதும் அவசரச் சிகிச்சையைச் சுற்றியே நடப்பதால், அதற்கு முந்தைய கட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு போன பிறகே இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு உயரத் தொடங்கும். அதாவது பூனை சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது என்று கொண்டுவரும் நாளில் நோய் முற்றியிருக்கும். அதற்கு முன்பே, தண்ணீர் அதிகம் குடிக்கிறது, மலமண் தட்டில் ஈரக்கட்டிகள் பெரிதாகின்றன என்பதைக் கவனித்து, ஆறு மாதத்திற்கு ஒருமுறை இரத்தமும் சிறுநீரும் பரிசோதித்து, உணவில் பாஸ்பரஸைக் குறைத்து, தேவைப்படும்போது தோலுக்கடியில் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீர்த் திரவத்தை ஏற்றி வந்தால், அந்தப் பூனைக்கு ஓரிரு நல்ல ஆண்டுகள் கிடைக்கக்கூடும். வீட்டிலேயே ஏற்றலாம். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்து உடல்சூட்டிற்குக் கொண்டுவந்து, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரமாகத் தூக்கி ஊசியைச் செலுத்தினால், திரவம் ஒரு மெத்தென்ற புடைப்பாகத் திரண்டு, மாலைக்குள் முன்னங்காலின் பக்கம் இறங்கிக் கரைந்துவிடும். முதன்முறை பார்க்கும் ஸ்பான்சர்கள் பயந்து எனக்குத் தொலைபேசுவதுண்டு, அது இயல்பானது.

செயலிழந்த நாயின் கதை வேறு. பெரும்பாலானவற்றால் தாமாகச் சிறுநீர்ப்பையை முழுதாகக் காலி செய்ய முடியாது. ஒரு நாளில் மூன்று அல்லது நான்கு முறை, வயிற்றின் இருபுறமும் விரல்களை வைத்து, பையைத் தேடிக் கண்டுபிடித்து, சீராக அழுத்தி வெளியேற்ற வேண்டும். பராமரிப்பவர் ஒருவேளை தவறவிட்டால் மிச்சச் சிறுநீர் தேங்கும், தொற்று வரும். நல்ல பராமரிப்பாளர் தரையில் விழுந்த சிறுநீரின் கலங்கலையும் நெடியையும் வைத்தே தொற்றைக் கண்டுபிடித்துவிடுவார். அதன்பின் ஆன்டிபயாடிக், எந்தக் கிருமி என்று கண்டறியும் கல்ச்சர் பரிசோதனை என்று ஆகும் செலவை அந்த இரண்டு நிமிட அழுத்தல்தான் தடுக்கிறது. வீல்சேர் வாங்கிக் கொடுக்கப் பலர் முன்வருகிறார்கள், நல்லதே. ஆனால் அதை நாள் முழுவதும் மாட்டி வைக்க முடியாது. சிறிது நேரம் ஓடவிட்டுக் கழற்ற வேண்டும். எஞ்சிய நேரமெல்லாம் அந்த நாய்க்குத் தேவை, மெத்தென்ற படுக்கையும், புரட்டிப் படுக்கவைக்க ஓர் ஆளும்தான்.

ஸ்பான்சர்களுக்கு இன்னொன்று. வீட்டில் மிஞ்சிய மருந்துகளைக் கட்டி அனுப்பாதீர்கள். பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையின் உயிரைப் பறிக்கலாம். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை நாய்க்கு இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்குபவை. பழைய போர்வை, துண்டு, வேட்டி எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்புங்கள்.

பேரேடு:

தணிக்கையாளன் என்ற முறையில் பணம் வரும் வழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தனிநபர் ஒருவர் உறவினரல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் பெறும் பணம் மொத்தமாக 50,000 ரூபாயைத் தாண்டினால், அந்த முழுத்தொகையும் அவருடைய வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படும். தாண்டிய பகுதிக்கு மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மையாரின் சொந்தக் கணக்கிற்கு இருபது பேர் மாதம் 300 ரூபாய் அனுப்பினாலே ஆண்டில் 72,000 ஆகிவிடும். அதை அப்படியே நாய்ச் சோற்றுக்குச் செலவிட்டேன் என்று பிறகு விளக்கிக்கொண்டிருப்பதைவிட, முதலிலேயே அறக்கட்டளையின் கணக்கிற்கு வரச்செய்வது நல்லது. அறக்கட்டளை 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய பதிவைப் பெற்றிருந்தால், பழைய வரித்திட்டத்தில் இருப்பவர்களுக்கு வரிச்சலுகையும் கிடைக்கும். புதிய வரித்திட்டத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அது கிடையாது. ரொக்கமாகத் தரும் நன்கொடையில் 2,000 ரூபாய்க்கு மேற்பட்டதற்கும் கிடையாது.

இன்னொரு வழி, ஸ்பான்சர்கள் மருந்துக்கடைக்கும் மருத்துவமனைக்கும் நேரடியாகக் கட்டிவிடுவது. கணக்கு சுத்தமாக இருக்கும். ஆனால் அந்த வழியில் பால்காரருக்கும், துணி துவைக்கும் அம்மாவுக்கும், மின்கட்டணத்திற்கும் யாரும் கட்டப் போவதில்லை.

மாதச்சந்தாவுக்கு ஒரு சொல். வங்கியில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் கொடுத்துவிட்டால் மாதாமாதம் தானாகவே போய்விடும், நினைவு வைத்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் அதே காரணத்தால், நாய் இறந்த பிறகும் அது போய்க்கொண்டே இருக்கும். ஆகவே இறப்புச் செய்தியுடன் "இனி உங்கள் தொகை எதற்குப் போக வேண்டும்? நிறுத்த விரும்பினால் நிறுத்துங்கள்" என்ற வரியும் சேர்ந்தே போக வேண்டும்.

தேம்ஸ்கரை:

இலண்டனிலிருந்து எழுதுகிறேன். இங்கே இம்முறை வெகுகாலமாக நடைமுறையில் இருப்பதால், இரண்டு செய்திகளைப் பகிர்கிறேன். 1891இல் தொடங்கப்பட்டு இன்று டாக்ஸ் டிரஸ்ட் என்ற பெயரில் இயங்கும் பெரிய அறக்கட்டளை, எளிதில் வீடு கிடைக்காத சில நாய்களை முன்னிறுத்தி ஸ்பான்சர் திரட்டுகிறது. ஒரே நாய்க்குப் பற்பலர் ஸ்பான்சராக இருப்பார்கள். ஆகவே அந்தப் பணம் ஒரு நாயோடு நின்றுவிடுவதில்லை. அதன் முகத்தைப் பார்த்து வந்த பணத்தில் மற்ற நாய்களும் பிழைக்கின்றன. இதை எவரும் மோசடியாக நினைப்பதில்லை, காரணம் சேரும்போதே சொல்லிவிடுகிறார்கள். மாதச்சந்தா அவர்களுக்கு நேர்ந்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, முன்கூட்டிச் சொன்னார்களா என்பதுதான்.

இரண்டாவது, முதிய விலங்குகளுக்கான நீண்டகால ஃபாஸ்டர் ஏற்பாட்டில் இங்குள்ள பல அமைப்புகள் விலங்கின் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, மருத்துவச் செலவைத் தாமே ஏற்கின்றன. ஃபாஸ்டர் வீடு உணவையும் அன்றாடப் பராமரிப்பையும் பார்த்துக்கொள்கிறது. மருத்துவச் செலவு தன் தலையில் விழாது என்று தெரிந்ததும், முன்பு தயங்கிய பல ஓய்வூதியர்கள் கிழட்டு நாயை ஏற்க முன்வருகிறார்கள். தாழ்வாரம் அம்மாவின் அறக்கட்டளையும் இப்படி எழுத்தில் பிரித்துக்கொள்ளலாமே?

எனக்கும் ஜூலிக்கு மாதந்தோறும் அனுப்ப விருப்பம். நான் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவன். எப்படி அனுப்புவது?

பேரேடு:

தேம்ஸ்கரை அவர்களுக்கு: இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வெளிநாட்டில் வேலை செய்தாலும், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. நீங்கள் வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டபடியால், தமிழராக இருந்தாலும், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டு மூலமே. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற அமைப்பு மட்டுமே உங்கள் பணத்தைப் பெறலாம். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அதுவும் முதலில் புதுடெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். சிறிய அறக்கட்டளைகள் பலவற்றிடம் இந்தப் பதிவு கிடையாது. "நண்பர் கணக்கில் போட்டு அங்கிருந்து மாற்றிவிடலாம்" என்ற யோசனை யாருக்கும் வராமலிருக்க இதை எழுதுகிறேன். 300 ரூபாய்க்காக அறக்கட்டளையின் கழுத்துக்குச் சுருக்கு வரக்கூடாது.

தேம்ஸ்கரை:

புரிந்தது, நன்றி. சென்னையில் இருக்கும் என் தங்கை தன் சம்பாத்தியத்திலிருந்து, தன் பெயரில், ஜூலிக்கு ஸ்பான்சர் ஆகிறாள். நான் இங்குள்ள ஒரு கிழ கிரேஹவுண்ட் நாய்க்குக் கொடுத்துக்கொள்கிறேன்.

தெற்குமாசி:

மதுரையில் பூனைகளைப் பராமரிக்கும் வீடு எங்களுடையது. இந்த இழையில் விலங்கின் செலவைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. பராமரிப்பவரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

அக்கா, உங்களுக்கு நாளை காய்ச்சல் வந்து படுத்துவிட்டால் கருப்பியின் சிறுநீர்ப்பையை யார் அழுத்துவது? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத வீட்டிற்கு எத்தனை ஸ்பான்சர் வந்தாலும் பயனில்லை. சாதாரண நாயை நான்கு நாள் போர்டிங்கில், அதாவது கட்டணம் வாங்கிப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், விடலாம். செயலிழந்ததை, வலிப்பு வருவதை, ஊசி போட வேண்டியதைப் பெரும்பாலான போர்டிங் இடங்கள் ஏற்பதில்லை. ஏற்றாலும் ஒரு புண்ணோடுதான் திரும்பி வரும். அதனால் நாங்கள் வரும் பணத்தில் முதல் ஒதுக்கீடாக, பகுதிநேரமாக உதவ வரும் ஒரு பெண்ணின் சம்பளத்தை எடுத்துவைக்கிறோம். ஓர் ஆளை வீட்டிலேயே பழக்கி வைத்திருப்பதுதான் எங்கள் காப்பீடு. அவருக்கு வெறிநோய்த் தடுப்பூசியையும் முன்கூட்டியே போட்டோம். முதல் நாள், ஏழாம் நாள், பிறகு 21 அல்லது 28ஆம் நாள் என்று மூன்று ஊசி. எங்கிருந்து வந்ததென்றே தெரியாத விலங்குகளைக் கையாளும் எல்லோருக்கும் இது அவசியம், அக்கா, உங்களுக்கும்தான்.

இதைச் சொன்னால் சில ஸ்பான்சர்கள் முகம் சுளிக்கிறார்கள். "பூனைக்குத்தானே கொடுத்தோம், ஆளுக்குச் சம்பளம் எதற்கு?" என்று ஒருவர் நேரிலேயே கேட்டார். பூனைக்கு மருந்து வாயில் தானாகப் போய்விடுமா என்று திருப்பிக் கேட்டேன். அவர் இன்னும் பணம் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்.

தாழ்வாரம்:

தெற்குமாசி, ஊசியை இந்த வாரமே தொடங்கிவிடுகிறேன். நீங்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பகுதியில் வெள்ளம் வந்த வேகம் பலருக்கு நினைவிருக்கும். இப்படிப்பட்ட விலங்குகளைப் படி ஏற முடியாது என்பதற்காகவே தரைத்தளத்தில் வைக்கிறோம், வெள்ளம் முதலில் வருவதும் அங்கேதான். அன்று ஜூலியைப் போர்வையில் கிடத்தி நான்கு முனைகளையும் பிடித்து மாடிக்குத் தூக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். இரண்டு பேர் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். மின்சாரம் இல்லாததால் குளிர்பெட்டியில் வைத்திருந்த மருந்து வீணாயிற்று. மழைக்கால ஏற்பாட்டுக்கென ஒரு சிறு தொகை கையில் இருக்க வேண்டும். அதை எந்த விலங்கின் பெயரில் வாங்குவது?

மாதச்சந்தா அவர்களிடம் கேட்கிறேன். ஒரு விலங்கின் பெயரில் நீங்கள் தரும் தொகையில் ஒரு பகுதி வீட்டுப் பொதுச்செலவுக்கு, அதாவது ஆள் சம்பளம், மின்சாரம், துணி, மழைக்கால ஏற்பாடு ஆகியவற்றுக்குப் போகும் என்று முதலிலேயே எழுதிவிட்டால், கொடுப்பவராக உங்களுக்கு மனக்குறை இருக்குமா?

மாதச்சந்தா:

இருக்காது. பாதி என்றாலும் சரி, எவ்வளவு என்று சொல்லிவிடுங்கள், அது போதும். மாதாமாதம் உருக்கமான கடிதம் எதிர்பார்க்கவில்லை. "இம்மாதம் மணிக்கு எடை குறைந்தது, நடுக்கம் அப்படியே இருக்கிறது, இரத்தப் பரிசோதனை அடுத்த மாதம்" என்று இரண்டு வரி வந்தால் எனக்கு நிறைவு.

வேறொரு கேள்வி, சற்றுத் தயக்கத்துடன். சிகிச்சையைத் தொடர்வதா, கருணைக்கொலை செய்வதா என்ற கட்டம் வரும்போது ஸ்பான்சரிடம் கேட்பீர்களா?

கால்நடை_வைத்தியர்:

இதற்கு நானே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இந்த இடத்தில்தான் நல்ல ஏற்பாடுகளும் உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். தெரிவிக்க வேண்டும், கேட்கக்கூடாது. ஒரு முதிய நாய் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்போது, முப்பது ஸ்பான்சர்கள் உள்ள வாட்ஸ்அப் குழுவில் "இன்னும் ஒரு முயற்சி செய்து பாருங்கள், பணம் நாங்கள் தருகிறோம்" என்று செய்திகள் குவிந்ததையும், அவற்றைப் படித்துக்கொண்டே பராமரிப்பாளர் என் மேசைக்கு எதிரே முடிவெடுக்க முடியாமல் நின்றதையும் கண்டிருக்கிறேன். அந்தப் பணம் நாய்க்கு நன்மை செய்யவில்லை. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, உயிருடன் வைத்திருப்பதே கொடுமையாகும் நிலையில் உள்ள விலங்கின் வேதனையை முடித்துவைக்க இடமளிக்கிறது. அந்த நிலை வந்துவிட்டதா என்பதை மருத்துவரும், பொறுப்பிலுள்ள அறக்கட்டளையும், அன்றாடம் அதைத் தொட்டுப் பார்க்கும் பராமரிப்பாளரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்.

முடிவுக்குத் துணையாக, அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லாலோபோஸ் வகுத்த அளவுகோல் ஒன்று உண்டு. வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் மிகுதியா என்பது ஆகிய ஏழுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகை 35க்கு மேல் இருந்தால் வாழ்க்கைத்தரம் ஏற்கத்தக்கது என்று கொள்வார்கள். வலி என்ற தலைப்பின்கீழ் மூச்சுவிடச் சிரமப்படுவதும் அடங்கும். இதை நெருக்கடி நாளில் முதன்முதலாக எடுத்துப் பார்த்தால் பயனில்லை. மாதந்தோறும் ஒரே நோட்டில் குறித்து வந்தால், எண்கள் இறங்கும் விதம் தெரியும். மாதச்சந்தா அவர்கள் கேட்ட இரண்டு வரிச் செய்தியில் இந்த எண்ணையும் சேர்த்து அனுப்பினால், முடிவு வரும் நாளில் ஸ்பான்சர் திடுக்கிட மாட்டார். கருப்பியைப் போன்றவற்றுக்கு நடமாட்டத்தில் மதிப்பெண் குறைவாகவே இருக்கும், அது ஒன்றை வைத்து யாரும் பயப்பட வேண்டாம். அந்த நாய் சோற்றுத் தட்டின் ஓசை கேட்டதும் முன்னங்கால்களால் தரையை இழுத்துக்கொண்டு வரும் வேகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

நேர்க்கோடு:

என் முதற்கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. கருத்தடைக்குத்தான் என் பணம் போகும். ஆனால் இங்கே எழுதப்பட்டவற்றிலிருந்து ஒன்றை முன்வைக்கிறேன். எந்தக் கிழட்டு விலங்கையும் ஏற்கும் முன்பே, அதன் முதல் ஆறு மாதச் செலவையும் இறுதிநாள் செலவையும் தனியே எடுத்துவைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் அதை ஏற்காதீர்கள். இரக்கத்தால் ஒன்று கூடுதலாகச் சேர்ந்து, ஏற்கெனவே இருப்பவற்றின் பரிசோதனை தள்ளிப்போகிற வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தாழ்வாரம்:

ஏற்கத்தக்க யோசனை, ஐயா. கடைப்பிடிப்பது கடினம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் வாசல் கேட்டில் விலங்கைச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டுப் போகிறவர்கள் நம் கணக்கைக் கேட்டுவிட்டு வைப்பதில்லை. அறக்கட்டளையிடம் பேசிவிட்டேன். பணம் இனி அவர்கள் கணக்கிற்கே வரும். அதில் பாதி பெயர் சொன்ன விலங்குக்கு, பாதி வீட்டுப் பொதுச்செலவுக்கு. மருத்துவக் கட்டணம் அவர்கள் பொறுப்பு, உணவும் பராமரிப்பும் எங்கள் பொறுப்பு என்று எழுதிக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். என் சொந்தக் கணக்கு எண்ணைப் பழைய பதிவுகளிலிருந்து நீக்கிவிடுகிறேன். அறக்கட்டளை தரும் பற்றுச்சீட்டில் விலங்கின் பெயரைக் குறிப்பிடலாமா என்பதைப் பேரேடு அவர்கள் சொன்னால், ஒன்றாம் தேதியிலிருந்து தொடங்கிவிடுவோம்.

பேரேடு:

பற்றுச்சீட்டில் "முதிய விலங்குகள் பராமரிப்புக்கான நன்கொடை" என்று பொதுவாகவே எழுதச் சொல்லுங்கள். விலங்கின் பெயர், புதிய ஸ்பான்சருக்கு அனுப்பும் வரவேற்புக் கடிதத்தில் வரட்டும். பற்றுச்சீட்டில் பெயரை எழுதி, அந்த விலங்கு மறுமாதமே இறந்துவிட்டால், மீதித் தொகையை வேறொன்றுக்குச் செலவிட ஒவ்வொரு ஸ்பான்சரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டியிருக்கும். பாதிக்குப் பாதி என்ற விதியையும், இறப்புக்குப் பின் தொகை எங்கே போகும் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே குறிப்பிட்டு, ஸ்பான்சரின் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தின் வரைவை இங்கே இட்டால் பார்த்துச் சொல்கிறேன்.